இளவேனிலில் நண்பர்களோடு ஆர்வியில் நிதானமாக ஒரு வாரம்

ஆர்வியில், அதாவது தங்கும் வசதியுள்ள வண்டியில், ஓர் இடத்தைக் காலி செய்து இன்னோர் இடத்தில் போய் நிலைகொள்ள, ஓட்டும் நேரம் போக, இரண்டு மணி நேரம் ஓடிவிடும். உள்ளே இருப்பதைக் கட்டி வைக்க முக்கால் மணி. கழிவுத் தொட்டியைக் காலி செய்ய, வரிசையில் நிற்பதையும் சேர்த்து, அரை மணி. போய்ச் சேர்ந்த இடத்தில் மட்டம் பார்த்து, மின்சாரமும் தண்ணீரும் இணைத்து, வெளியே நாற்காலி விரிக்க இன்னொரு முக்கால் மணி. ஏழு நாளில் ஆறு இடம் என்று திட்டம் போட்டால் பன்னிரண்டு மணி நேரம் இதிலேயே கரைந்துபோகும். நிதானமாகப் போய்வர நினைப்பவர்கள் கிலோமீட்டரைக் குறைப்பதற்கு முன் இடமாற்றத்தைக் குறைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு இரண்டு இடம் போதும். மூன்று என்றால் அதுதான் உச்சம்.

இங்கே ஆர்வி என்று சொல்வது ஓட்டிச் செல்லும் மோட்டார் ஹோம், காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர் இரண்டையும் சேர்த்துத்தான்.

தூரமும் தேதியும்

வட அமெரிக்க ஆர்வி ஓட்டிகளிடம் 3-3-3 என்றொரு கணக்கு புழங்குகிறது: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், 3 இரவு தங்கு. 300 மைல் என்றால் சுமார் 480 கிலோமீட்டர். நண்பர்கள் கூட்டத்துக்கு அது அதிகம். 200 மைலோடு, அதாவது 320 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரைபடச் செயலி காட்டும் நேரம் காருக்கானது. உயரமான வண்டியை 90 கி.மீ. வேகத்தில்தான் ஓட்டப் போகிறீர்கள், எரிபொருள் நிலையத்தில் நுழைந்து வெளியேறவே கால் மணி ஆகும். செயலி சொல்லும் நேரத்தோடு கால் பங்கு கூட்டினால் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

3 மணிக்கணக்கில் மட்டும் சமரசம் வேண்டாம். இருட்டில், பழக்கமில்லாத இடத்தில், மரக்கிளைக்கு அடியில் ரிவர்ஸ் எடுப்பதுதான் கூரையும் பின்பக்கமும் அடிவாங்குகிற நேரம்.

இளவேனிலில் போவதற்கு ஆதாயம் கூட்டமில்லாமை. அதற்கான விலையும் உண்டு. உயரமான மலைக் கணவாய்களில் பனி இன்னும் கிடக்கலாம், ஆர்வியை நிறுத்தித் தங்கும் முகாம்கள் பலவற்றில் உறைபனி ஆபத்து போகும்வரை தண்ணீர்க் குழாயைத் திறக்கவே மாட்டார்கள், பனி உருகிய தரை சேறாக இருக்கும். ஆகவே முதல் பாதியைத் தாழ்வான பகுதியிலும் பிற்பாதியை மேட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். முகாமை முன்பதிவு செய்யும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் திறந்தாகிவிட்டதா? நிறுத்துமிடம் ஜல்லியா, சிமென்டா, புல்லா? அதிகபட்சம் எத்தனை மீட்டர் நீள வண்டி நிற்கும்? மின்சாரம் எத்தனை ஆம்ப்? புல் என்று பதில் வந்து, முந்தைய வாரம் மழையும் பெய்திருந்தால் வேறு இடம் பாருங்கள். ஐந்து டன் வண்டி ஈரப் புல்லில் இறங்கினால் தானாக மேலே வராது.

படுக்கை எத்தனை, பெல்ட் எத்தனை

'ஆறு பேர் தூங்கலாம்' என்று விளம்பரத்தில் இருக்கும். சீட் பெல்ட் நான்கு இருக்கும். பல நண்பர் கூட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஓடும் வண்டியில் ஆளுக்கொரு பெல்ட் வேண்டும், டிரெய்லர் என்றால் பெரும்பாலான இடங்களில் அதற்குள் யாரும் உட்கார்ந்து வரவே கூடாது. பெல்ட் எண்ணிக்கையை வைத்து ஆள் சேருங்கள்.

அடுத்தது எடை. ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் அல்லது அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கும். ஆட்களும் சாமானும் தண்ணீரும் சேர்ந்து எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு பேர் 320 கிலோ, 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ, பைகளும் உணவும் 100 கிலோ, நாற்காலி, மேசை, அடுப்பு வகையறா 60 கிலோ. மொத்தம் 630. ஐரோப்பாவில் 3,500 கிலோ வரம்புக்குள் அடக்கிய மோட்டார் ஹோம்கள் பலவற்றால் இவ்வளவு தாங்க முடியாது. எளிதான வழி, தண்ணீர்த் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கோடு கிளம்பி, முகாமில் நிரப்பிக்கொள்வது. அதிலேயே 100 கிலோ இறங்கிவிடும்.

பளுவான சாமான் கீழேயும் அச்சுகளுக்கு நடுவிலேயும் போக வேண்டும். டிரெய்லரில் மொத்த எடையின் 10 முதல் 15 சதவீதம், காரோடு இணைக்கும் கொக்கிமேல் இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்க நடைமுறை. ஐரோப்பிய டிரெய்லர்களுக்கு இது குறைவு, கையேட்டைப் பாருங்கள். பின்னால் நாலு சைக்கிளைத் தொங்கவிட்டால் கொக்கியின் எடை குறைந்து, வேகம் ஏறியதும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அப்போது காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் அழுத்துங்கள்.

குளிர்காலத் தூக்கத்திலிருந்து வண்டியை எழுப்புதல்

சொந்த வண்டி என்றால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் தொடங்கினால், உடைந்து கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் இணைப்புக்காகப் பயணமே தள்ளிப்போகும்.

முதலில் கூரை. சன்னல், காற்றுத்துளை, ஆன்டெனா இவற்றைச் சுற்றி நீர் இறங்காமல் பூசிய சீலன்ட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தக் கூரைக்கு ஏற்ற சீலன்ட் வாங்கிப் பூசுங்கள். ரப்பர் கூரைக்கு ஏற்றது ஃபைபர் கூரைக்கு ஒத்துவராது, சிலிகான் கையில் கிடைக்கிறதே என்று அதைத் தடவாதீர்கள். அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது. உள்ளே மேல் அலமாரிகளின் மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் நீர் ஏற்கெனவே இறங்கிவிட்டது.

பிறகு எலியும் குளவியும். ஹீட்டர் குழாய்க்குள் எலி கூடு கட்டியிருக்கும், வயரைக் கடித்திருக்கும். கேஸ் கசிந்தால் தெரிவதற்காக அதில் கலக்கும் வாசனைப் பொருள் சிலந்திகளை இழுப்பதாகப் பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் இரண்டின் பர்னர் குழாயிலும் சிலந்தி வலையோ குளவியின் மண்கூடோ இருப்பது சர்வசாதாரணம். வெளிப்பக்கக் கதவைத் திறந்து, குழாயை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் பற்றவையுங்கள். சுடர் நீலமாக, ஒரே சீராக நின்றால் சரி. மஞ்சளாக அலைந்தால் காற்று போதவில்லை, அடைப்பு இன்னும் இருக்கிறது. கேஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் வேலைக்கு ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும். குளிர்காலத்துக்காகக் குழாய்களில் உறையாமல் காக்கும் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஏற்றியிருந்தால், நல்ல தண்ணீர் விட்டு எல்லாக் குழாயிலும் நிறம் மறையும்வரை ஓடவிடுங்கள். அப்புறம்தான், தண்ணீரை வாட்டர் ஹீட்டருக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வைத் திருப்ப வேண்டும். முன்கூட்டித் திருப்பினால் ஹீட்டர் முழுக்க ஆன்டிஃப்ரீஸ் போய்விடும். அதேபோல, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையின்றி வருவதைக் கண்ணால் பார்க்காமல் ஹீட்டரின் மின்சார சுவிட்சைத் தொடாதீர்கள். தண்ணீர் இல்லாத ஹீட்டரில் எலிமென்ட் கருகுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனிக் கிருமி நீக்கம். ஃபில்டர்களைக் கழற்றி வையுங்கள். வாசனை சேர்க்காத வீட்டுப் பிளீச்சில், தொட்டி கொள்ளும் ஒவ்வொரு லிட்டருக்கும் 1 மில்லி எடுங்கள். 150 லிட்டர் தொட்டிக்கு 150 மில்லி. அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். பம்ப்பைப் போட்டு, ஷவர் உட்பட ஒவ்வொரு குழாயையும் பிளீச் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். 12 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, முழுக்கக் காலி செய்து, இரண்டு முறை நிரப்பி வடியுங்கள். வாடை போகவில்லையே என்று அதிலேயே வினிகரைச் சேர்ப்பவர்கள் உண்டு. பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசுவதுதான் வழி.

டயரின் பக்கவாட்டில், வட அமெரிக்காவில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால், கடைசி நான்கு இலக்கம் உற்பத்தித் தேதி. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆர்வி டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே வெடிக்கும் ரகம். ஐந்து வயதானால் வருடா வருடம் ஆளிடம் காட்டுங்கள், ஏழு வயதானால் டயரின் பட்டன் எவ்வளவு புதுசாக இருந்தாலும் மாற்றுங்கள். காற்றைக் காலையில், சக்கரம் உருளும் முன் பாருங்கள். இளவேனிலில் காலை 5 டிகிரியும் மதியம் 22 டிகிரியும் இருப்பது சகஜம். அந்த வித்தியாசத்துக்கே 80 பிஎஸ்ஐ டயரில் 5, 6 பிஎஸ்ஐ ஏறும், ஓட்டத்தின் சூட்டில் இன்னும் ஏறும். மதியம் அளந்து பார்த்துக் கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். டயர் வெடிப்பது அப்போதுதான்.

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில், சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின், 12.6 முதல் 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி போனால் பேட்டரியின் ஆயுள் போகும். லித்தியம் பேட்டரிக்கு வேறு விதி: சூடாக்கும் வசதி உள்ளே இல்லாவிட்டால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. மின் இணைப்பு இல்லாத இடத்தில் தங்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஹீட்டரின் விசிறி 8 ஆம்ப் இழுக்கும் என்று வையுங்கள். குளிர் இரவில் 8 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 32 ஆம்ப்-அவர். 100 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் நீங்கள் எடுக்கக்கூடியதே 50. ஓர் இரவு தாங்கும், இரண்டாம் இரவு தாங்காது.

கார்பன் மோனாக்சைடு அலாரம், கேஸ் அலாரம் இரண்டின் முதுகிலும் காலாவதித் தேதி இருக்கும். பட்டனை அழுத்தினால் சத்தம் வருவது ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி, சென்சாருக்கு இல்லை.

வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு இந்த வேலையில் பெரும்பகுதி மிச்சம். ஆனால் டயர் தேதி, அலாரம் தேதி, கூரையின் மூலைகள், பம்பர்கள் எல்லாவற்றையும் ஒரே தொடர் வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். கூரை, அடிப்பாகச் சேதங்கள் காப்பீட்டில் அடங்குமா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது.

ஆளுக்கொரு வேலை

நான்கு பேரும் எல்லா வேலையும் செய்வோம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் தண்ணீர்க் குழாயை மூடியது யார் என்று யாருக்கும் தெரியாது. பயணம் முழுவதற்கும் ஒருவருக்கு ஒரு பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். ஓட்டுநர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து வழியும் உயரத் தடையும் பார்த்து, ரிவர்ஸ் எடுக்கும்போது கீழே இறங்கிக் கைகாட்டுபவர் ஒருவர். தண்ணீரும் கழிவும் மின்சாரமும் ஒருவர். உள்ளே அலமாரி, ஃப்ரிட்ஜ், சன்னல் பூட்டுபவர் ஒருவர். கழிவு வேலை செய்பவருக்குப் பாத்திரம் கழுவுவதிலிருந்து விலக்கு கொடுங்கள், அதுதான் நியாயம். மாற்று ஓட்டுநர் ஒருவர் அவசியம், அவர் பெயரும் காப்பீட்டில் இருக்க வேண்டும்.

படுக்கையிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். சாப்பாட்டு மேசையை மடக்கிப் போடும் படுக்கையை, காலையில் முதலில் எழுகிறவருக்குக் கொடுங்கள். அதைக் கலைத்தால்தான் மற்றவர்களுக்கு உட்கார இடம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள பரணில், இரவில் எழுந்து போகும் பழக்கமில்லாதவர் படுக்கட்டும்.

பணத்தைப் பொதுப்பையில் போட்டு அதிலிருந்தே செலவழியுங்கள். எரிபொருளை முன்கூட்டிக் கணக்கிட, வேன் அளவு வண்டிக்கு 100 கி.மீ.க்கு 13 முதல் 17 லிட்டர், ஓட்டுநர் அறைக்கு மேல் பரண் வைத்த நடுத்தர வட அமெரிக்க வண்டிக்கு 22 முதல் 28, பேருந்து போன்ற பெரிய பெட்ரோல் வண்டிக்கு 30 முதல் 40 என்று வைத்துக்கொள்ளலாம். 900 கி.மீ. பயணத்தில் 25 லிட்டர் வீதம் 225 லிட்டர். பொதுப்பையில் எது சேரும் என்பதைவிட, வண்டி எங்காவது உரசினால் காப்பீடு தராத தொகையை ஓட்டியவர் தருவதா, எல்லாரும் பகிர்வதா என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். உரசிய பிறகு பேசினால் நட்பும் உரசும்.

சாலையில்

வண்டியின் உயரத்தை, கூரை மேல் உள்ள ஏசி உட்பட, நீங்களே அளந்து, பெரிய எழுத்தில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். மீட்டரும் அடியும் இரண்டும். கார்ச் செயலிகளுக்குப் பாலத்தின் உயரம் தெரியாது.

எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்து ஓட்டுகிறார்கள். அடிபடுவது பின்பக்கம். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பகுதி, வண்டி திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசும். நீட்டம் 3 மீட்டர் என்றால் வீச்சு கிட்டத்தட்ட 1 மீட்டர் என்பது அனுபவக் கணக்கு. எரிபொருள் பம்ப்பை ஒட்டி நிறுத்திவிட்டு உடனே ஸ்டீயரிங்கை ஒடித்தால் பின்மூலை பம்ப் பக்கம் போகும். வால் தாண்டும்வரை நேராகப் போய் அப்புறம் திருப்புங்கள். நிலையத்துக்குள் நுழையும் முன்பே கேஸை சிலிண்டரிலேயே மூடிவிட வேண்டும். ஃப்ரிட்ஜின் சுடர் எரிந்துகொண்டிருக்கலாம்.

இளவேனில் காற்றுக்காலம். பக்கவாட்டில் 50 கி.மீ.க்கு மேல் வீசினால், அதுவும் டிரெய்லர் என்றால், ஒதுங்கி நின்று தேநீர் போடுங்கள். நிதானப் பயணத்தில் அதற்குத்தானே நேரம் வைத்திருக்கிறோம்.

போய்ச் சேர்ந்ததும்

வண்டியை உள்ளே விடும் முன் நால்வரும் இறங்கி இடத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். மேலே கிளை, கீழே கல், பக்கத்தில் மின்கம்பம், தண்ணீர்க் குழாய். கைகாட்டுபவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்திலேயே நிற்க வேண்டும். அவர் மறைந்தால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். வா, நில், இடம், வலம் என்று நான்கே சைகை. ஒருவர் மட்டும் காட்டட்டும், மற்ற இருவரும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது.

மின்சாரத்தை முதலில் இணைத்துப் பார்த்துவிடலாம், முகாமின் மின்பெட்டி பழுது என்றால் இடத்தை மாற்ற அதுதான் சமயம். இணைக்கும் வரிசை: பெட்டியின் பிரேக்கரை அணைத்து, பிளக்கைச் செருகி, பிரேக்கரைப் போடுவது. வட அமெரிக்காவில் 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் 3,600 வாட். ஐரோப்பாவில் 16 ஆம்ப், 230 வோல்ட்டில் ஏறத்தாழ அதே அளவு. ஆனால் அங்கே 6 ஆம்ப் முகாம்களும் உண்டு, அது வெறும் 1,380 வாட். கூரை ஏசி 1,500, மின்கெட்டில் 1,500, தலை உலர்த்தி 1,500. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 30 ஆம்ப்பிலும் ட்ரிப் ஆகும். காலையில் கெட்டில் போடுமுன் கத்திச் சொல்லும் வழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துங்கள்.

அடுத்து மட்டம். ரசமட்டத்தை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துத் தரையில் வைத்துப் பாருங்கள். முதலில் இடம்-வலம்: தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு முன்னால் லெவலிங் கட்டைகளை அடுக்கி வண்டியை ஏற்றுங்கள். பிறகு சக்கரத்துக்கு இருபுறமும் தடுப்புக் கட்டை. அதற்கப்புறம்தான் டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, முன்காலைத் திருகி முன்-பின் மட்டம் சரிசெய்ய வேண்டும். கட்டை போடாமல் கழற்றினால் டிரெய்லர் உருண்டுவிடும். கேஸிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் இருந்தால் மட்டம் முக்கியம். அதில் திரவம் தன் எடையாலேயே கீழே இறங்கிச் சுழல்கிறது. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கிச் சூடேறி, குளிரூட்டும் பகுதி நிரந்தரமாகக் கெட்டுப்போகும். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு அந்தக் கவலையில்லை. அப்சார்ப்ஷன் வகை குளிர ஒரு நாள்கூட ஆகலாம், கிளம்புவதற்கு முதல்நாளே போட்டுவிடுங்கள்.

பக்கவாட்டில் நீளும் ஸ்லைட் அறைகள் இருந்தால், மட்டம் பார்த்தபிறகு, இடம் இருக்கிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்க, நீட்டுங்கள். நான்கு மூலை ஸ்டெபிலைசர் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க இல்லை. தூக்கினால் சட்டம் வளையும்.

தண்ணீர்க் குழாயில் பிரஷர் ரெகுலேட்டரை முகாமின் குழாய்ப் பக்கமே மாட்டுங்கள், 40 முதல் 50 பிஎஸ்ஐ போதும். வண்டிப் பக்கம் மாட்டினால் நடுவிலுள்ள ஹோஸ் முழு அழுத்தத்தையும் வாங்கும். இரவு உறைபனி வரும் என்றால் மாலையே ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, உள்தொட்டித் தண்ணீரில் ஓட்டுங்கள்.

நான்கு பேர், ஒரு குளியலறை

முதலில் நிரம்புவது கிரே டேங்க், அதாவது குளியல், பாத்திரத் தண்ணீர் சேரும் தொட்டி. ஷவரை நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 6 நிமிடம் திறந்துவிட்டால் ஒருவருக்கு 48 லிட்டர், நால்வருக்கு 192. தொட்டி 120 லிட்டர் என்றால் மூன்றாமவர் குளிக்கும்போது ஷவர் தட்டிலேயே தண்ணீர் மேலே வரும். நனைத்து மூடு, சோப்பு போடு, திறந்து அலசு என்ற முறையில் ஒருவருக்கு 10 லிட்டர் போதும். முகாமில் பொதுக் குளியலறை இருந்தால் இன்னும் நல்லது.

காலையில் சன்னலில் தண்ணீர் வழிந்தால் வண்டி ஒழுகுகிறது என்று பயப்படாதீர்கள். நான்கு பேரின் மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருக்கிறது. கூரைத் துளையை இரண்டு விரற்கடையும், எதிர்ப்பக்கச் சன்னலைக் கொஞ்சமும் திறந்து வைத்துத் தூங்குங்கள். மெத்தைக்கு அடியிலும் தொட்டுப் பாருங்கள், பூஞ்சை பிடிப்பது அங்கேதான். குளிர் தாங்கவில்லை என்று சமையல் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கவே கூடாது. மூடிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும்.

கழிவுத் தொட்டி

கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்கின் வால்வை, முகாமில் சாக்கடை இணைப்பே இருந்தாலும், மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் வடிந்து, திடக்கழிவு மட்டும் துளைக்கு அடியில் கோபுரமாகக் காய்ந்து நிற்கும். அதை உடைப்பது பயணத்தின் மறக்க முடியாத அனுபவமாகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியபிறகு இப்படிச் செய்யுங்கள்:

1. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, இரு வால்வும் மூடியிருப்பதைத் தொட்டு உறுதிசெய்துவிட்டு, வெளிக்குழாயின் மூடியைக் கழற்றுங்கள். ஒரு டம்ளர் அளவு ஒழுகுவது வழக்கம். நிற்காமல் ஒழுகினால் வால்வு முழுக்க மூடவில்லை, உடனே மூடியை மாட்டுங்கள்.
2. ஹோஸை முதலில் டம்ப் ஸ்டேஷனில், அதாவது கழிவைக் கொட்டும் இடத்தில், உள்ள துளையில் செருகி, மேலே கல்லோ மூடியோ பாரம் வைத்து, பிறகு வண்டிப் பக்கம் திருகி மாட்டுங்கள். பாரம் இல்லாத ஹோஸ், கழிவு பாயும் வேகத்தில் துள்ளி வெளியே வரும்.
3. பிளாக் வால்வை ஒரே இழுப்பில் முழுதாகத் திறங்கள். சத்தம் ஓய்ந்ததும் கழிப்பறை வழியாக இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு மூடுங்கள்.
4. இப்போது கிரே வால்வு. சோப்புத் தண்ணீர் ஹோஸை உள்ளிருந்து கழுவிவிடும். வரிசையை மாற்றினால் இந்த இலவசக் கழுவல் கிடைக்காது.
5. மூடி, கழற்றி, அலசி, தனிப் பெட்டியில் வையுங்கள். குடிநீர் ஹோஸ் இருக்கும் பெட்டியில் ஒருபோதும் வேண்டாம். டம்ப் ஸ்டேஷனில் கழுவுவதற்கென்று வைத்த குழாயிலிருந்து குடிநீர் பிடிக்கவும் வேண்டாம்.
6. கழிப்பறையில் 8 லிட்டர் தண்ணீரும் தொட்டி மருந்தும் ஊற்றுங்கள். காய்ந்த தொட்டியோடு தொடங்கினால் அடுத்த கோபுரம் அங்கேயே முளைக்கும்.

சுவரில் உள்ள விளக்கு 'முக்கால்' என்று காட்டிக்கொண்டே இருந்தால் தொட்டி சரியாகத்தான் காலியாகியிருக்கும். உள்ளே ஒரு காகிதத் துணுக்கு சென்சாரில் ஒட்டியிருக்கிறது. இந்த விளக்குகளை நம்பாமல் நாட்களை எண்ணுவதே மேல். ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் கழற்றி எடுத்துப்போகும் சிறு கழிவுத் தொட்டி, அதாவது காசெட் இருக்கும். அது 20 லிட்டருக்குள்தான், நால்வருக்கு இரண்டு நாள் தாங்கினால் அதிகம்.

கிளம்பும் காலை

பட்டியலை அட்டையில் எழுதிக் கதவருகே தொங்கவிடுங்கள். உள்ளே பூட்டுபவர் ஃப்ரிட்ஜ் கொக்கி, அலமாரிகள், ஷவர் கதவு, கூரைத் துளைகள், ஸ்லைட். வெளியே இருப்பவர் மின்கம்பி, ஹோஸ், ஸ்டெபிலைசர், படி, ஆன்டெனா, கட்டைகள். பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, 'தேநீர் வேண்டுமா' என்றுகூட. திறந்த கூரைத் துளையும் இழுத்துக்கொண்டு போகும் மின்கம்பியும் இப்படி ஒரு குறுக்குப் பேச்சில் நடப்பவைதான். பேச்சுக் கொடுத்துவிட்டால் பட்டியலை முதலிலிருந்து தொடங்குங்கள்.

இருவரும் முடித்தபின் ஓட்டுநர் தனியாக ஒரு சுற்று நடக்க வேண்டும். எதையும் சரிசெய்ய அல்ல, தொட்டுப் பார்க்க. டிரெய்லர் என்றால் கொக்கியின் பின், இரண்டு பாதுகாப்புச் சங்கிலி, பிரேக் விளக்கு. வண்டியை நான்கு மீட்டர் முன்னால் நகர்த்தி நிறுத்தி, நின்ற இடத்தைத் திரும்பிப் பாருங்கள். மறந்த கட்டை, ரெகுலேட்டர், குழந்தைத்தனமாக மரத்தில் கட்டிய கொடிக்கயிறு எல்லாம் அங்கே இருக்கும்.

சக்கரம் எதையாவது கழற்றி மாட்டியிருந்தால், முதல் 80 முதல் 160 கி.மீ.க்குள் நிறுத்தி, நட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு கையேடு சொல்லும் அளவுக்கு மீண்டும் முறுக்குங்கள். புதிதாக மாட்டிய சக்கரம் உட்கார்ந்ததும் நட்டு தளர்வது இயல்பு. அந்த நிறுத்தத்தில் டிரெய்லரின் ஒவ்வொரு சக்கர நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் போகிறது அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டி அங்கிருந்து மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.